முவக்கித்

முவக்கித் என்பவர் பள்ளிவாசலின் தொழுகை நேரங்களைக் கணித்துத் தரும் வானியலறிஞர். 13-ஆம் நூற்றாண்டில், மம்லூக் ஆட்சிக்கால எகிப்தில் உருவான இப்பதவி சிரியாவுக்கும் பரவியது. அவர் கற்ற கலைக்கு இல்முல் மீகாத், அதாவது நேரக் கணிப்பியல், என்று பெயர்.

மரபான இஸ்லாமியக் கல்வி மனப்பாடத்தோடு நின்றுவிட்டது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஒரு நாளின் அஸர் (பிற்பகல்) தொழுகையைக் கவனித்தாலே அது தவறு என்று புரியும். 12 அங்குலக் குச்சியின் நிழல் உச்சிப்பொழுதில் 3 அங்குலம் என்று கொள்வோம். அதோடு குச்சியின் நீளமும் சேர்ந்து நிழல் 15 அங்குலமாகும்போது ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் குச்சியின் நீளம் இரு மடங்காகச் சேர்ந்து 27 அங்குலம் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் இரு மத்ஹபினரும் வாழ்வதால் இந்த வேறுபாடு நமக்கும் பழக்கமானதுதான். உச்சி நிழல் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதை முன்கூட்டியே சொல்லக் கோள முக்கோணவியல் தேவைப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் பணியாற்றிய அல்-கலீலி, தொழுகையில் நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாவை அறிய ஏறத்தாழ 3,000 மதிப்புகள் கொண்ட அட்டவணையையே கணித்து வைத்தார்.

அதே பள்ளிவாசலின் தலைமை முவக்கித் இப்னு ஷாத்திர் (சுமார் 1304–1375). சிறு வயதில் தந்தையை இழந்த அவர், முதலில் கற்றது மரத்தில் தந்தம் பதிக்கும் கைத்தொழில். அந்த விரல் நுணுக்கம் அவர் செய்த கருவிகளிலும் தெரிகிறது என்றே கருத வேண்டும். 1371-இல் வடக்கு மினாராவில் அவர் நிறுவிய சூரியக் கடிகாரம், சுமார் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பளிங்குப் பலகை. அதன் நிழல்கோல் பூமியின் அச்சுக்கு இணையாக, டமாஸ்கஸின் அட்சரேகையான 33.5 பாகைக்குச் சாய்ந்து, வானின் வடதுருவத்தை நோக்கி நிற்கும். அதனால் கோடையிலும் குளிரிலும் ஒரு மணி நேரம் ஒரே அளவாக இருக்கும். நேரத்தோடு, தொழுகைக்கு இன்னும் எவ்வளவு பொழுது உள்ளது என்பதையும் கோடுகள் காட்டின. சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஐரோப்பிய வானியலறிஞர் கோப்பர்னிக்கஸின் நூலிலும் காணப்படுகிறது.

சூரியக் கடிகாரத்தின் மூலப் பலகை 19-ஆம் நூற்றாண்டில் உடைந்துபோனது. அதன் துண்டுகள் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வானியலறிஞர் தந்தாவி அதைப் பார்த்துச் செதுக்கிய பிரதியே இப்போது மினாராவில் இருக்கிறது.