மருத்துவச்சி ஆயா முதல் நர்ஸ் அக்கா வரை

மலருக்கு ஏதாவது ஒரு வரலாறு எழுதித் தாங்க என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். ராஜா ராணி வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பிரசவம் பார்த்தவர்களின் வரலாறு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

எங்க ஆயா, அதாவது எங்கம்மாவைப் பெற்றவர், திருமழிசை பக்கத்து கிராமத்தில் மருத்துவச்சி. ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்பிடுவாங்க. கூலி கேட்டது கிடையாது. கொடுத்தால் ஒரு புடவை, ரெண்டு படி நெல், வெற்றிலை பாக்கு. கைராசிக்காரி என்று ஊரே சொல்லும்.

அதே ஆயா சொந்த மகளுக்குப் பார்த்த முதல் பிரசவத்தில் பிறந்த ஆண் குழந்தை ஏழாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்து இறந்துபோனது. எனக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டியவன். தோஷம் என்றார்கள், காற்று சேஷ்டை என்றார்கள். தொப்புள் கொடி அறுத்த அரிவாளில் இருந்து வந்த ரணஜன்னி அது என்று பிறகுதான் தெரிந்தது. ஆயா மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. கைப்பழக்கம் இருந்தது, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

சொல்லித்தரும் வேலை நம்ம சென்னையில் ரொம்ப காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கு அரசாங்கப் பயிற்சிப் பள்ளி வந்தது. 1871-ல் சென்னை பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். ரத்தம் தொடுவது, அடுத்தவர் உடம்பைக் கழுவுவது எல்லாம் கேவலம் என்று நம்ம ஆட்கள் பெண்களை அனுப்பவில்லை.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி நடந்ததும் இந்த வரலாற்றில் முக்கியம். மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்க வரச்சொல்லி ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கேட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. அவர் அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படித்து வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். தான் ஒருத்தி டாக்டர் ஆனால் போதாது என்று 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். அதே வேலூரில் 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பே வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ல் நர்ஸ், மருத்துவச்சிகளுக்கு தனிச் சட்டம் வந்து, பயிற்சி பெற்றவர்கள் பெயரைப் பதிவு செய்தார்கள்.

பட்டணத்தில் இருந்த இந்தப் பயிற்சி எங்க ஆயா வரைக்கும் வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நாட்டு மருத்துவச்சிகளுக்கு அரசாங்கம் பயிற்சி கொடுத்தபோது ஆயாவும் போனாங்க. கை சுத்தம், படுக்கிற இடம் சுத்தம், புது பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் சாணியோ சாம்பலோ வைக்காமல் விடுவது. இந்த ஐந்துதான் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா விரல் மடக்கி மனப்பாடம் செய்தாங்க. அதற்கு அப்புறம் நான் பிறந்தேன். என்னையும் ஆயாதான் எடுத்தாங்க. நான் பிழைத்தேன்.

நான் பத்தாவது முடித்தபோது கிராம சுகாதார நர்ஸ் படிப்புக்கு அந்தப் படிப்பே போதும், ஒன்றரை வருஷப் பயிற்சி. ஆசையாகக் கேட்டேன். "ராத்திரி டூட்டி பார்க்கிற பொண்ணை எவன் கட்டுவான்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் ஆயிற்று. இப்போது அந்தப் படிப்புக்கே பிளஸ் டூ வேண்டும்.

இன்றைக்கு என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல ஆயா ஞாபகம்தான் வரும். வலி எடுத்ததில் இருந்து கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்தது, குழந்தையின் இதயத்துடிப்பு எவ்வளவு என்று ஒரே தாளில் குறித்துக்கொண்டே வரவேண்டுமாம். கோடு தவறினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நஞ்சு விழுந்த பிறகு உதிரம் நிற்கிறதா என்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் மூச்சு வரவைக்க வேண்டும். துடைத்து தாயின் மார்பு மேலேயே போட்டு, நாம் கறந்து கொட்டிக்கொண்டிருந்த சீம்பாலைக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் எழுந்திருக்க முடியாதவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும்.

நம்ம பெண்களும் இந்த வரலாற்றுக்குள் வந்துவிட்டோம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாக பிரஷர், சர்க்கரை பார்ப்பது குழுவில் இருந்து போன சகோதரிகள்தானே. நம்ம பூந்தமல்லியிலேயே சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது.

மகள் படிப்புக்கு நான் உள்கடன் கேட்ட அன்றைக்கு, "அந்தக் காசைக் கல்யாணத்துக்கு சேர்த்து வையேன்" என்று ஒரு அக்கா சொன்னாங்க. நான் எங்க அண்ணன் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அக்காதான் தீர்மான நோட்டில் முதல் கையெழுத்து போட்டாங்க.

எங்க ஆயா பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஆயா இருந்திருப்பாங்க. இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கடன் கொடுக்கிற நாம், நர்சிங் படிக்கக் கேட்கிற பெண்ணுக்கு யோசிக்காமல் கொடுப்போம்.