ஒளித்திரள் வலையமைப்புகளில் சேவைத்தரமும் கால ஒதுக்கீடும்

ஒளித்திரள் இணைப்புமாற்றம் என்பது, ஒரே ஊருக்குப் போகவேண்டிய பல தகவற் பொட்டலங்களை வலையமைப்பின் விளிம்பிலேயே ஒன்றுசேர்த்துப் பெருந்திரளாக்கி, அத்திரள் வழியில் எந்தக் கணுவிலும் மின்சமிக்ஞையாக மாறாமல், புறப்பட்ட ஒளியாகவே போய்ச் சேரும்படி செய்யும் தகவல்தொடர்பு முறையாகும். பொறியாளர் வழக்கில் இத்திரளுக்கு ‘பர்ஸ்ட்’ என்றும், முறைக்கு ‘ஓ.பி.எஸ்.’ என்றும் பெயர். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சுன்மிங் சியாவும் மியுங்சிக் யூவும், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் டர்னரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வுரைகள் இதற்கு அஸ்திவாரமாயின. இரண்டு ஊர்களுக்கிடையே ஓர் அலைநீளத்தை முழுவதுமாக எழுதிக்கொடுத்துவிட்டால், பேச்சு ஓய்ந்த வேளையில் அது வீணே கிடக்கும். ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே ஒளியிலேயே திசைமாற்றலாமென்றால், அதற்கு வேண்டிய அதிவேகக் கருவிகளும் ஒளி நினைவகமும் கைவசம் இல்லை. இவ்விரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்பதே இம்முறை.

இதன் குணமும் குறையும் ஒரே பௌதிக உண்மையிலிருந்து பிறக்கின்றன: ஒளியை நிறுத்திவைக்க முடியாது. சாதாரண ரூட்டரில் இரண்டு பொட்டலங்கள் ஒரே வாயிலை நாடி ஒரே க்ஷணத்தில் வந்துவிட்டால், எக்ஸ்பிரஸ் கடந்துபோகும் வரையில் பாசஞ்சர் வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவதுபோல, ஒன்றை மின்னணு நினைவகத்தில் இருத்திவிட்டு மற்றதை அனுப்பலாம். யாரை முன்னே விடுவது, யாரைப் பின்னே நிறுத்துவது என்பதுதான் அங்கே சேவைத்தரத்தின் பெரும்பகுதி. ஒளிக்கு லூப் லைன் கிடையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி ஆகிறதாகையால், 100 மைக்ரோவினாடி நீளமுள்ள ஒரு திரளை அதன் நீளமளவுக்குத் தாமதிக்கச் செய்ய வேண்டுமானால் 20 கிலோமீட்டர் இழையைச் சுருட்டி வைக்கவேண்டும். அப்படிச் சுருட்டிவைத்தாலும் அந்தத் தாமத இழை ஒரு குறித்த அளவுக்குத் தாமதத்தைத் தருமேயன்றி, வேண்டியபோது வைத்து வேண்டியபோது எடுக்கும் நினைவகமாகிவிடாது. ஆகவே இவ்வலையமைப்பில் உயர்வு தாழ்வு என்பதையெல்லாம் வரிசையில் நிற்கும் ஸ்தானத்தைக் கொண்டு வகுக்க வழியில்லை. காலத்தைக் கொண்டே வகுக்கவேண்டியிருக்கிறது.

அது எவ்வாறென்று காண, ஒரு திரளின் பிரயாணத்தைத் தொடர்ந்து பார்ப்போம். விளிம்புக் கணுவில் 1500 பைட் அளவுள்ள பொட்டலங்கள் 83 சேர்ந்தால் கிட்டத்தட்ட 1,25,000 பைட் கொண்ட திரள் உருவாகும். விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் அது இழையில் 100 மைக்ரோவினாடி ஓடும். குறித்த அளவு சேரும்வரை காத்திருப்பதா, குறித்த கெடு முடிந்ததும் சேர்ந்தவரை அனுப்பிவிடுவதா என்பதை விளிம்பில் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி நடக்கும். திரள் ஆயத்தமானதும், அதற்கு முன்னோடியாக ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பொட்டலம் தனி அலைநீளத்தில் புறப்படுகிறது. கணுதோறும் மின்சமிக்ஞையாக மாற்றிப் படிக்கப்படுவது அது ஒன்றுதான். திரள் எப்போது வரும், எவ்வளவு நேரம் ஓடும், எந்த வாயிலுக்குப் போகவேண்டும் என்ற செய்திகளைச் சொல்லி, அது வருமுன்பே வழியை ஏற்பாடு செய்துவைக்கிறது. முன்னோடிக்கும் திரளுக்கும் இடையேயுள்ள அவகாசத்தை முந்துகாலம் எனலாம். வழியில் 5 கணுக்கள் இருந்து, ஒவ்வொன்றும் முன்னோடியைப் படித்து முடிக்க 10 மைக்ரோவினாடி எடுக்குமானால், முந்துகாலம் குறைந்தது 50 மைக்ரோவினாடி இருக்கவேண்டும். அந்நேரம் முழுதும் திரள் விளிம்பிலுள்ள மின்னணு நினைவகத்தில் காத்திருக்கும். ‘வழி கிடைத்தது’ என்ற பதிலுக்கு அது காத்திருப்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சேதி போய்ப் பதில் வர 10 மில்லிவினாடியாகும். திரளின் நீளத்தைப்போல் நூறு மடங்கு நேரத்தைப் பதிலுக்காகச் செலவிடுவது எவருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் பதிலுக்குக் காத்திராமல் புறப்பட்ட திரளுக்கு நடுவழியில் இடம் கிடைக்காவிட்டால், அது அங்கேயே அழிந்துபோகும்.

இடம் கொடுப்பதா இல்லையா என்று கணுவில் நிர்ணயிக்கும் முறைக்கே கால ஒதுக்கீடு என்று பெயர். டர்னர் முன்வைத்த ‘ஹொரைசன்’ முறையில் ஒவ்வொரு அலைநீளத்திற்கும் ஒரே ஓர் எண்ணை, அதாவது அதன்மேல் ஏற்கெனவே பதிவான திரள்களில் கடைசியானது முடியும் நேரத்தை, நினைவில் வைத்தால் போதும். அது எளிது, விரைவு. ஆயினும் விரயம் மிகுந்தது. ஓர் இழையில் இரண்டு அலைநீளங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் 40-ஆவது மைக்ரோவினாடி வரையில் ஒரு திரளுக்காகவும், நெடிய முந்துகாலத்தோடு முன்கூட்டியே பதிந்துகொண்ட வேறொரு திரளுக்காக 100 முதல் 180 வரையிலும் இடம் ஒதுக்கியாயிற்று. இரண்டாவது 90 வரையில் நிரம்பியிருக்கிறது. இப்போது 70-இல் வந்து 95-இல் முடியப்போகும் ஒரு புதிய திரளின் முன்னோடி வந்து இடம் கேட்கிறது. ஹொரைசன் கணக்கில் முதலாவது 180 வரையிலும் இரண்டாவது 90 வரையிலும் ஓய்வில்லாதவை. ஆகவே ‘இடமில்லை’ என்பதே பதில். உண்மையிலோ முதலாவதில் 40-க்கும் 100-க்கும் நடுவே அறுபது மைக்ரோவினாடி வெறுமையாகக் கிடக்கிறது! இந்த வெற்றிடங்களையும் பட்டியலிட்டு நிரப்புவது ‘இடைவெளி நிரப்பும்’ முறை. திரள் வரும் நேரத்துக்கு மிக அருகில் ஓய்வாகும் அலைநீளத்தைத் தேர்ந்து, இடையேயுள்ள வெற்றிடத்தையும் பயன்படுத்தும் ‘லாக்-வி.எஃப்.’ என்னும் வகையை யிஜுன் சியோங் முதலானோர் 2000-இல் விரிவாக எழுதினர். இதனால் இழப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு அலைநீளத்தின் எல்லா இடைவெளிகளையும் சில மைக்ரோவினாடிக்குள் தேடிப்பார்க்கும் சுமை கணுவின்மேல் விழும்.

எவ்வளவு சாமர்த்தியமாக ஒதுக்கினாலும் இழப்பு அறவே நீங்காது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் தொலைபேசி நிலையங்களுக்காக 1917-இல் வகுத்த சூத்திரத்தை இங்கே பொருத்தினால், பாதியளவே பாரமுள்ள ஒற்றை அலைநீளத்தில் வரும் திரள்களில் மூன்றில் ஒன்று இழக்கப்படும். அதே விகிதப் பாரத்தில் எட்டு அலைநீளங்கள் இருந்து, எதிலிருந்து எதற்கும் தாவ அலைநீள மாற்றிகளும் இருந்தால், இழப்பு நூற்றுக்கு மூன்றாகக் குறையும். மூன்றும் சிறிதன்று. அந்த மூன்று யாருடையதாக இருக்கலாம், யாருடையதாக இருக்கக்கூடாது என்ற வினாவே சேவைத்தரம்.

இதற்குக் கண்ட உபாயங்களில் மிக நேர்த்தியானது, யூ, சியாவ், திக்ஷித் ஆகியோர் 2000-இல் ஆராய்ந்த கூடுதல் முந்துகாலம் என்பேன். முகூர்த்த நாளுக்குக் கல்யாண மண்டபம் தேடுவோரை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். ஆறு மாதத்துக்கு முன்பே வந்து பதிந்தவருக்கு அவர் கேட்ட நாள் கிடைக்கும். பத்து நாளைக்கு முன் வந்தவர், எத்தனை செல்வாக்குள்ளவராயினும், மிச்சமிருக்கும் நாளில்தான் விழாவை வைத்துக்கொள்ளவேண்டும். மேல்வகைத் திரள்களின் முன்னோடிகளை மற்றவற்றைவிட வெகுமுன்னதாக அனுப்பிவிட்டால், கணுவானது எந்த வகுப்பையும் அறியவேண்டிய அவசியமே இல்லை. முன்னே பதிந்தவருக்கே முன்னுரிமை என்ற நியாயம் தானாகவே வேலை செய்யும். திரள்களின் நீளம் அடுக்குக்குறிப் பரவலில் அமைந்திருந்தால், சராசரி நீளத்தின் மூன்று மடங்கு கூடுதல் முந்துகாலம் மேல்வகையைக் கீழ்வகையிலிருந்து நூற்றுக்கு 95 பங்கு பிரித்துக் காக்கும். ஐந்து மடங்கானால் 99 பங்குக்கு மேல்.

இவ்வழகுக்கு விலையும் உண்டு. வகுப்புகள் பெருகப் பெருகக் கூடுதல் முந்துகாலமும் அடுக்கடுக்காகப் பெருகும்: 100 மைக்ரோவினாடித் திரள்களில் அடிவகுப்புக்கு மேலே மூன்று வகுப்புகள் வைத்தால், உச்சியிலுள்ளது 900 மைக்ரோவினாடி கூடுதலாக விளிம்பில் காத்திருக்கவேண்டும். கீழ்வகையிலும் நீளமான திரள்கள் இடைவெளிகளுக்குள் அடங்காமல் அதிகமாய் மடியும். மேலும், முந்துகாலம் ஒவ்வொரு கணுவிலும் சிறிது கரைந்துகொண்டே வருவதால், நெடுந்தூரம் கடந்து ஊரை நெருங்கிவிட்ட திரள், அப்போதுதான் புறப்பட்ட திரளிடம் இடத்தை இழக்கிறது. பாதிவழிக்கு மேல் வலையமைப்பைப் பயன்படுத்திவிட்டு அழியும் திரளின் இழப்பு எல்லாருக்குமான இழப்பு என்பதால், இந்த அநீதியை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

வேறு உபாயங்களும் உள. கீழ்வகைத் திரள்களை வேண்டுமென்றே கைவிட்டு, வகுப்புகளுக்கிடையே இழப்பைக் குறித்த விகிதத்தில் நிறுத்தும் முறை ஒன்று. அலைநீளம் ஓய்ந்திருக்கும்போதும் திரளைக் கொல்லவேண்டியிருப்பது அதன் பலவீனம். வினோத் வொக்கராணேயும் ஜேசன் ஜூவும் வளர்த்த துண்டித்தல் முறையோ இதைக்காட்டிலும் மனிதத்தன்மை வாய்ந்தது. மேலே சொன்ன 40-க்கும் 100-க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் 70 முதல் 105 வரை ஓடும் திரள் வந்தால், முழுவதையும் எறியாமல், வாலில் 5 மைக்ரோவினாடி அளவுள்ள பொட்டலங்களை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். வால் வெட்டப்படும் என்று தெரிந்துவிட்டால், ஒரே திரளில் பல வகுப்புப் பொட்டலங்களைக் கலந்தேற்றி, முக்கியமானவற்றைத் தலைப்பக்கமாக அடுக்கலாம் அல்லவா? அவர்கள் அதையும் செய்தார்கள்.

இவற்றோடு, இணையத்தில் பொட்டலங்களை அனுப்பும் வேகத்தை ஆளும் டி.சி.பி. நெறியின் சங்கடமும் கவனிக்கத்தக்கது. பொட்டலம் வராவிட்டால் வழி நெரிசலாயிற்று என்று எண்ணி வேகத்தைக் குறைப்பது அந்நெறியின் இயல்பு. ஒளித்திரள் வலையமைப்பிலோ, பாதை காலியாயிருக்கும்போதும் இரண்டு திரள்கள் தற்செயலாக மோதி ஒன்று அழியலாம். ஒரே அடியில் பல பொட்டலங்கள் மறைவதைக் கண்ட நெறி அஞ்சித் தன் வேகத்தை வீணே தாழ்த்திக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறையில் உழைத்த சி. சிவராம் மூர்த்தியும் டி. வெங்கடேஷும் 2010-இல் வெளியிட்ட நூல், இத்தகைய வலையமைப்புகளைக் கணித நோக்கில் விரித்துரைக்கிறது.

இம்முறை ஆய்வுக்கூடங்களிலும் வட கரோலினாவின் ‘ஜம்ப்ஸ்டார்ட்’ போன்ற பரிசோதனைத் திட்டங்களிலும் பிரதானமாக வளர்ந்ததேயன்றி, பெருவழக்காகப் பரவவில்லை. நுண்ணாடிகளை அசைத்து ஒளியைத் திருப்பும் இணைப்புமாற்றி நிலைகொள்ளச் சில மில்லிவினாடி ஆகும். 10 மில்லிவினாடிக்குள் 100 மைக்ரோவினாடித் திரள்கள் நூறு கடந்துவிடும். நானோவினாடியில் திரும்பும் குறைகடத்திக் கருவிகளும், மோதலைத் தவிர்க்க இன்றியமையாத அலைநீள மாற்றிகளும் விலை குறைவதற்குள், மின்னணு ரூட்டர்களின் வேகமும் அலைநீளம் ஒன்றில் ஏற்றக்கூடிய தகவலின் அளவும் பன்மடங்கு உயர்ந்துவிட்டன.