தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம்?

ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் அடிக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை, "பால் பதத்துக்குக் கலக்கிக்கோ" என்பதுதான். எந்தப் பால்? ஆவின் நீலப் பாக்கெட்டா, பச்சையா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. நுணுக்கக் கோட்டுக்கும் பெரிய பரப்பை நிரப்புவதற்கும் பதம் வேறு வேறு. ஆனால் கடையில் வாங்கிய வண்ணத்தை எதற்காக நீர்க்க வைக்க வேண்டும்? கருவி ஒரு காலத்தில் பிறந்தது, வண்ணம் வேறொரு காலத்தில் பிறந்தது. அதனால்தான்.

அமெரிக்காவில் ஆப்னர் பீலர் 1870களின் கடைசியில் கையால் காற்றடிக்கும் ஒரு கருவியைச் செய்தார். நகைப்பட்டறைச் சாமான்களை ஒட்டவைத்த மாதிரிதான் இருந்தது. காப்புரிமையில் அவர் சொன்ன நோக்கம், நீர்வண்ணம் தீட்டுவது. லிபர்ட்டி வாக்கப் அதை வாங்கி, திருத்தி, 1883-ல் 'ஏர்பிரஷ்' என்று பெயரிட்டார். போட்டோக்களுக்கு மெருகேற்றுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நீர்வண்ணத்தைப் பிடித்து வைப்பது வேலம்பிசின். ஊசி நுனியில் காய்ந்தாலும் சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். கருவிக்கும் வண்ணத்துக்கும் சண்டையே இல்லை.

அக்ரிலிக் வந்தது எழுபது வருஷம் கழித்து. ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1953-ல் சுவர் பெயின்டுக்காக விற்ற ரோப்ளெக்ஸ் என்ற பால்மத்திலிருந்து, சில ஆண்டுகளில் ஓவியர்களின் வண்ணமும் பிறந்தது. இதில் பிசின் கரைந்திருக்காது. நுண்துகள்களாக மிதக்கும். தண்ணீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரையாது. ஊசி நுனியில் இது நடந்தால் அவ்ளோதான், கழற்றிச் சுரண்ட வேண்டும். பழைய சிஸ்டத்தோடு புது லைப்ரரியைப் பேசவைக்க நடுவில் ஒரு அடாப்டர் எழுதுவோமே, தின்னர் அந்த அடாப்டர்தான்.

தண்ணீரே போதாதா? என் ஊர் ஆரணி. இங்கே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். பட்டுச் சாயத்தில் அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும். சாயப்பொடியின் அளவை முடிவுசெய்வது நூலின் எடை, தண்ணீர் இல்லை. சாயம் நீரில் முழுசாகக் கரைந்து, சூட்டில் இழைக்குள்ளேயே புகுந்து பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனியாகப் பிசின் வேண்டாம். அக்ரிலிக் நிறமி அப்படிப் புகாது, மேலே உட்காரும். அதை உட்கார வைத்திருப்பது பிசின். அளவு மீறித் தண்ணீர் ஊற்றினால் துகள்களுக்கு நடுவே இடைவெளி விழும், காய்ந்த படலம் விரல் பட்டாலே உரியும். போதாததற்கு, வழவழப்பான பரப்பில் வெறும் தண்ணீர் சேப்பிலை மேல் மாதிரி முத்து முத்தாக உருளும். தின்னரில் இருக்கும் சேர்மானங்கள் அந்த இழுவிசையைக் குறைக்கின்றன, காய்வதையும் தாமதப்படுத்துகின்றன.

பரப்பை நிரப்ப 0.4 மில்லிமீட்டர் அளவில் அகலமான நாசில், கொஞ்சம் கெட்டியான கலவை, இருபது பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம். ஒரே மூச்சில் மூடிவிடாமல் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. நுணுக்கத்துக்கு 0.2 நாசில். கலவையை நீர்க்கவிட்டால் அழுத்தத்தையும் பத்துப் பன்னிரண்டுக்கு இறக்கியே ஆக வேண்டும். இறக்காவிட்டால், பரப்பில் விழுந்த சொட்டை அதே காற்று நாலா பக்கமும் விரட்டிச் சிலந்திக்கால் போடும்.