தமிழ் படித்த ஜெர்மன் பள்ளிக்கூடம்



பரிசளிப்பு விழா மலரில் ஜெர்மனி தேசத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முடிந்து, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாள் எனக்கு மறக்கவில்லை. புகுமுக வகுப்பில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் கடைசி வரிசையில். பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன், அவனும் தமிழன்தான், "தமிழ் படிச்சு எந்த நாட்டுக்குடா போகப் போறீங்க?" என்று கேட்டான். பதில் தெரியாமல் விழித்தேன். அந்தப் பதில் பல வருஷம் கழித்து ஒரு சரித்திரப் புத்தகத்தில்தான் கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஜெர்மனியில் ஹாலே என்று ஒரு நகரம். அதன் மதிலுக்கு வெளியே கிளவுகா என்ற ஏழைப்பட்ட பகுதி. அங்கே பாதிரியாராக இருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695-ஆம் ஆண்டு அவர் வீட்டில் வைத்திருந்த உண்டியலில் ஒரு நாள் நாலு தாலர், பதினாறு குரோஷன் காசு விழுந்திருந்தது. பெரிய தொகை இல்லை. இதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்குவேன் என்றார் மனுஷன். இரண்டு தாலருக்கு 27 புத்தகங்கள் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். திரும்பி வந்தவை எத்தனை தெரியுமா? நான்கு! மற்றவை போனது போனதுதான். நம் நூலகப் பொறுப்பாசிரியர் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் அடைவார். பிராங்கே மறுபடியும் புத்தகம் வாங்கினார்.

நம்முடைய தோட்டப் பள்ளிகளின் ஆரம்பமும் ஏறக்குறைய இப்படித்தானே? பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். கிராணியோ கங்காணியோ வாத்தியார் வேலையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் உண்டு.

ஹாலேயில் 1697-இல் 'லத்தீனா' என்ற இடைநிலைப்பள்ளி பிறந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய பையன்களுக்கு லத்தீன், கிரேக்கம் எல்லாம் அங்கே. அதைச் சுற்றி அநாதை இல்லம், மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை என்று ஓர் ஊரே வளர்ந்தது. 1727-இல் பிராங்கே கண்மூடியபோது எல்லாப் பள்ளிகளிலுமாக 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பல்கலைக்கழக மாணவர்கள். பாடம் நடத்தினால் சாப்பாடு இலவசம்!

அந்தப் பள்ளியின் குணம் எப்படி? நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரு பையன் லத்தீனில் மேல் வகுப்பிலும் கணக்கில் கீழ் வகுப்பிலும் உட்காரலாம். அவனவன் தரத்துக்கு ஏற்ற இடம். இது நல்ல ஏற்பாடு என்பேன். விளையாட்டு மட்டும் கூடவே கூடாது. வீண் பொழுது என்று பிராங்கே நினைத்தார். எந்நேரமும் கண்காணிப்பு. பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, ஏழைகளுக்குத் தனிப் பள்ளி. கெட்டிக்கார அநாதைப் பையன் லத்தீனாவுக்கு ஏறிவர முடிந்தது, அது மட்டும் உண்மை.

இனித்தான் நம் விஷயம். டென்மார்க் அரசர் தரங்கம்பாடிக்கு அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் கரை இறங்கினார். ஹாலேயில் கொஞ்ச காலம் படித்தவர், பிராங்கேயின் வழி வந்தவர். தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை, பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தச் சொன்னார். அந்தச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்! வெள்ளைக்காரத் துரை முதல் வகுப்பு மாணவன். நம் வாத்தியார் ஆசிரியர். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் வந்து சேர்ந்தன. எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதம் கட்டுப்படியாகவில்லை. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்க்க வேண்டியதாயிற்று. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழரும் உடன் போனார். 1716-இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் அச்சானது. பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு 1743-இல் திரும்பி, ஹாலேயிலேயே தமிழ் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் படித்த ஒருவர்தான் சுவார்ட்ஸ். 1750-இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கும்போதே தமிழை ஓரளவு கற்றிருந்தார். பிறகு தஞ்சாவூரில் வாழ்ந்து, பள்ளிகள் நடத்தி, 1798-இல் அங்கேயே இறந்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், பரப்புவதற்கா என்ற எண்ணம் பிராங்கேக்கு. அச்சிடவில்லை. 150 வருஷங்களுக்கு மேல் கிடந்து, 1867-இல் சென்னையில்தான் அந்த நூல் வெளிவந்தது. மொழி வேண்டும், அந்த மொழிக்காரர்களின் மனசு வேண்டாம் என்றால் எப்படி? நம் மொழியைக் கற்றுக்கொண்டதற்காக அந்தப் பள்ளியைக் கும்பிடலாம். இதற்காகக் கோபப்படவும் நமக்கு உரிமை உண்டு.

1946-இல் அந்த அறக்கட்டளையைக் கலைத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1991-இல் அது மறுபடி உயிர் பெற்றது. லத்தீனா இன்றைக்கும் நடக்கிறது, மாணவர் விடுதியோடு. அந்த வளாகத்தின் சேகரிப்பில், கப்பலேறிப் போன தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.