கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு கோப்பை

முத்துக்குளித்துறை ஊர்களில் சாயங்கால வேளையில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். கோயிலுக்கு முன்னால் கிடக்கும் மணலில் பையன்கள் வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். மட்டையும் கையுறையும் கேட்காத ஆட்டம் இது. ஒரு பந்தும் கொஞ்சம் தரையும் இருந்தால் போதும். ஏழைகளின் ஊர்களில் இது வேர் பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கப்பல் போன இடமெல்லாம் பந்தும் போயிற்று. இங்கிலீஷ் மாலுமிகளும் வியாபாரிகளும் துறைமுகங்களில் அதை இறக்கிவிட்டுப் போனார்கள். இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தில் 1893-லேயே அவர்கள் சங்கம் வைத்தார்கள். ஆனால், நான் சொல்ல வந்தது துரைமார் வைத்த சங்கத்தின் கதை அல்ல. நம்மவர் வைத்த சங்கத்தின் கதை.

1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னையிலிருந்து 'டுரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த 342 பேர் அதில் இருந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். 1911-ல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை ராஜதானியைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கரும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிம்மதி கிடைக்கவில்லை. ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்கள் தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. காந்திஜி நடத்திய சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஆட்டத்துக்கு ஏது இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். இடம் இருந்தது. 1903-லேயே தென்னாப்பிரிக்க இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு கால்பந்துச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டு, 'சாம் சைனா' கோப்பைக்காக மாகாணத்துக்கு மாகாணம் மோதினார்கள். வெள்ளைக்காரர் மைதானத்தில் நம்மவர் கால் வைக்க முடியாது. டர்பனில் 'கரீஸ் பவுண்டன்' என்று ஓரிடம் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஊற்று அது. பின்னாளில் அந்த இடத்தில் அமைந்த மைதானமே இந்தியர்களின் ஆட்டக்களமாகவும் பொதுக்கூட்ட மேடையாகவும் ஆயிற்று.

இந்தச் சூழலில் 1928-ம் வருஷம் டர்பனில் ஜி. ஆர். நாயுடு என்பவர் 'மானிங் ரேஞ்சர்ஸ்' என்ற கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார். பெயர் இங்கிலீஷ், மற்றதெல்லாம் நம்முடையது.

பிறகு நிறவெறி ஆட்சி வந்தது. எந்த நிறத்தான் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1950-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பல தலைமுறையாக இருந்த இடங்களிலிருந்து இந்தியர்கள் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களைக் குடியேற்றுவதற்காகவே ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த் என்றொரு குடியிருப்பு 1960-களில் எழுந்தது. ஆட்டத்துக்கும் அதே விதிதான். வெள்ளையருக்கு ஒரு சங்கம், கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. இதை எதிர்த்து 1951-லேயே வெள்ளையர் அல்லாதார் ஒன்றுகூடி ஒரு சம்மேளனம் கண்டார்கள். உலகக் கால்பந்துச் சபை 1961-ல் தென்னாப்பிரிக்காவை முதலில் விலக்கி வைத்தது. 1976-ல் அடியோடு வெளியேற்றியது. நிறவெறி சரிந்து 1992-ல்தான் கதவு மறுபடி திறந்தது.

1996-ல் நாடு முழுவதற்குமான புதிய தொழில்முறை லீக் பிறந்தது. கைஸர் சீப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்று லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட ஜாம்பவான்கள் இருக்கும்போது, சாட்ஸ்வொர்த் மைதானத்தில் ஆடுகிற மானிங் ரேஞ்சர்ஸை யார் கணக்கில் வைப்பார்கள்? கார்டன் இகெஸுண்ட் என்பவர் பயிற்சியாளர். களத்தில் கறுப்பரும் வெள்ளையரும் இந்தியரும் என்ற பேதம் இல்லை. 1996-97 பருவம் முடிந்தபோது, அந்த லீக்கின் முதல் சாம்பியன் மானிங் ரேஞ்சர்ஸ்தான்! அடுத்த வருஷம் ஆப்பிரிக்கச் சாம்பியன்களின் போட்டியிலும் கடைசி எட்டுக் குழுக்களுக்குள் அது நுழைந்தது. கூலிக் கப்பலில் தொடங்கிய கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இங்கேயே நிறுத்தினால் கதை மங்களமாக முடியும். சரித்திரம் அப்படி நிற்பதில்லை. சங்கத்துக்குப் பணமுடை வந்தது; மேல் பிரிவிலிருந்து கீழே இறங்கிற்று. 2006-ல் பிடென்ஷியா என்ற நிதி நிறுவனம் அதை வாங்கித் தன் பெயரைச் சூட்டி, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கேப்டவுனுக்குக் கொண்டுபோயிற்று. மறுவருஷமே அந்த நிறுவனத்தின் வண்டவாளம் வெளிப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் சேர வேண்டிய பணம் அதில் சிக்கிக்கிடந்தது. சங்கத்தின் பெயர் மீண்டும் மாறிற்று. எழுபத்தெட்டு வருஷத்துப் பெயர் இரண்டு கையெழுத்தில் மறைந்தது.

கிரீஸ் தேசத்தில் லாரிஸ்ஸா என்று ஓர் ஊர், விவசாயிகளின் ஊர், இருக்கிறது. அங்கே பட்டம் எப்போதும் ஏதென்ஸ், பிரேயஸ், தெஸ்ஸலோனிகி நகரங்களின் சொத்து. 1988-ல் லாரிஸ்ஸாச் சங்கம் முன்னணியில் நின்றபோது, ஆட்டக்காரர் ஒருவர்மேல் எழுந்த மருந்துப் புகாரைக் காட்டி அதன் புள்ளிகளைப் பறித்தார்கள். ஊர் ஜனங்கள் திரண்டு போய் நாட்டின் பிரதான நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். புள்ளிகள் திரும்பி வந்தன, பட்டமும் வந்தது. இறங்கியும் ஏறியும் அந்தச் சங்கம் இன்றும் லாரிஸ்ஸாவிலேயே இருக்கிறது. அது கைவிட்டுப் போகாமல் மறித்து நிற்க ஊர் இருந்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. 1908-ல் அவர் சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது, 'காலியா'வை எதிரிக் கம்பெனியிடமே விற்றுவிட்டார்கள். சிறையில் செக்கிழுத்த துயரத்தை விட இந்தச் செய்தி அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கப்பலை விற்க முடிந்தது. ஞாபகத்தை விற்க முடியவில்லை. மானிங் ரேஞ்சர்ஸின் பெயர் இன்று எந்த லீக் அட்டவணையிலும் முன்னால் இல்லை. ஆனால் அந்த முதல் லீக்கின் முதல் சாம்பியன் யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அந்த வரியைப் பணம் கொடுத்து மாற்ற யாராலும் முடியாது.