அயல்துணியை மறுத்த மேடை: கதர் இயக்கக் காலத் தமிழ் நாடகமும் திருப்பூர் வட்டாரமும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ள அருள்புரம், இன்று பின்னலாடைத் தொழிலாலும் சாயத்தொழிலாலும் அறியப்படுகிறது. தொலைநாட்டு நுகர்வோரின் தேவைக்கேற்ப இயங்கும் இவ்வட்டாரமே, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அயல்துணி நுகர்வை மறுத்த இயக்கத்தின் தமிழகத் தலைமையிடமாக விளங்கியது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் தோற்றுவிக்கப்பட்ட அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து செயல்பட்டது. திருப்பூரின் முதல் பனியன் ஆலை தோன்றியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். கதரை வாங்கும் மனநிலையை மக்களிடையே உருவாக்கியதில் நாடக மேடைக்கு இருந்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதர் முரடானது, விலையும் மிகுதி. மலிவும் மென்மையும் கொண்ட ஆலைத்துணி நிறைந்த சந்தையில் அதனை விற்கப் பொருளியல் வாதம் மட்டும் போதவில்லை. எனவே இயக்கம் தொடக்கம் முதலே நிகழ்த்துதலை நாடியது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அயல்துணிகள் குவித்து எரிக்கப்பட்டன. உடுக்கத் துணியற்றோர் வாழும் நாட்டில் துணியை எரிப்பதைத் தாகூர் ஏற்கவில்லை. அவரது மறுப்பு இன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். எரிப்பைவிட இச்செயலே தமிழகத்தில் ஆழமாகப் பதிந்தது எனலாம்.

நாடகத்துறையில் தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ 1920களின் தொடக்கத்தில் மேடையேறியது. துணி வாங்குதல் என்னும் அன்றாடச் செயலையே நாடகப் பொருளாக்கிய முன்னோடிப் படைப்பு அது. எனினும் பாவலரின் நாடகம் எழுதப்பட்ட பிரதி; அரசு அதனைக் கண்காணிக்க முடிந்தது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துதல் சட்டம் ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியிருந்தது. ஸ்பெஷல் நாடகத்தின் நிலை வேறு. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்த நடிகர்கள் அன்றிரவே மேடையில் சந்தித்து ஆடிய அவ்வடிவத்தில், கதைப்போக்கு மட்டுமே நிலையானது. உரையாடலும் பாட்டும் நெகிழ்வானவை. எஸ்.எஸ். விசுவநாததாஸ் இந்நெகிழ்வைப் பயன்கொண்டார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்குகள் வெள்ளையரைச் சுட்டும் குறியீடாயின. தடைசெய்யப் பிரதியே இல்லாத நிலையில், அரசு நடிகரைக் கைது செய்ய வேண்டியதாயிற்று. அவ்வாறே அவர் பலமுறை சிறை சென்றார்.

இத்தகைய பாடல்களை எழுதியோருள் மதுரகவி பாஸ்கரதாஸ் குறிப்பிடத்தக்கவர். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பேசும்படத்தில் டி.பி. ராஜலட்சுமி இராட்டினத்தைப் போற்றி அவர் எழுதிய பாடலைப் பாடினார். காளிதாசன் காலத்துக் கதையில் இராட்டினத்துக்கு என்ன இடம் என்று அன்றைய பார்வையாளர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஸ்பெஷல் நாடகம் அவர்களை அதற்குப் பழக்கியிருந்தது.

சு. தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் இக்கலைஞர்களைத் தேசிய அரசியலின் தூதர்களாக நிறுவியுள்ளன. அப்பார்வை சரியானதே, ஆனால் கதர் நாடகத்தின் மறுபாதி உள்ளூர் உழைப்பைப் பற்றியது. உள்ளூர்ச் சமூகம் என்பதிலும் விரிசல் இருந்தது. மருத்துவர் சமூகத்தில் பிறந்த விசுவநாததாஸுடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். கதரை ஏற்ற மேடை சாதியை விட்டுவிடவில்லை.

1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் நடந்த கொடி ஊர்வலத்தில் தாக்கப்பட்ட குமரன் மறுநாள் உயிர்நீத்தார். அதன்பின் இவ்வூரின் நினைவில் கொடி முன்னின்றது. துணியும் அதனை நூற்றவர்களும் பின்னுக்குச் சென்றனர். நூற்போரின் கூலி குறித்த விவாதமோ தொடர்ந்தது. 1935இல் சர்க்கா சங்கம் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி வழங்க முடிவெடுத்தபோது, கதரின் விலை ஏறி விற்பனை குறையும் என்ற அச்சம் சங்கத்துக்குள்ளேயே எழுந்தது. கூடுதல் விலையை வாங்குவோரே ஏற்க வேண்டும் என்பது காந்தியின் நிலைப்பாடாக இருந்தது.