சுண்ணாம்பு தடவிய கலயம்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசியில் தோசை மாவு லேசில் பொங்காது. அம்மா மாவுச் சட்டியை அடுப்பங்கரைச் சூட்டுக்கு நகர்த்துவாள். சித்திரையில் அதே மாவு விடிவதற்குள் புளித்து வழிந்திருக்கும். என் மாணவிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்லார் வீட்டிலும் இதே கதைதான். இதை அறிவியல் என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

என் ஆச்சி சுரண்டைப் பக்கம் பனங்காட்டு விடிலியில் கருப்பட்டி காய்ச்சியவள். தாத்தா மரமேறும் முன் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பாள். விடியலில் இறங்கும் பைனியை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள். சுண்ணாம்பு கூடினால் நாக்கு காரும். குறைந்தால் புளிப்பு தட்டும். “புளிச்ச பைனிய எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாதுட்டி” என்பாள். ஏன் இறுகாது என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை.

பதில் நொதிகளிடம் இருக்கிறது. பதனீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். அதில் புகுந்துகொள்ளும் ஈஸ்ட், இன்வெர்டேஸ் என்ற நொதியால் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட சர்க்கரை எளிதில் கட்டியாகாது. பிறகு அதுவே மதுவாகிறது, பாக்டீரியாக்கள் சேர்ந்து புளிக்க வைக்கின்றன, பதனீர் கள்ளாகிறது. நொதி என்பது பல மடிப்புகளாகச் சுருண்ட புரதம். அந்த மடிப்பும் அதன் மேலுள்ள மின்னூட்டங்களும் சரியாக இருந்தால்தான் சர்க்கரையைப் பிடித்து வெட்ட முடியும். அமில அளவு மாறினால் மின்னூட்டம் மாறும், பிடி தளரும். இன்வெர்டேஸுக்கு லேசான புளிப்பு பிடிக்கும், பி.எச். 4.5 அருகில் சுறுசுறுப்பாக இருக்கும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டையும் அதன் நொதியையும் முடக்கிப் போடுகிறது.

வெப்பமும் அப்படித்தான். சூடு ஏற ஏற நொதியின் வேகம் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் மடிப்பே அவிழ்ந்துவிடும். குளிர் நொதியைத் தாமதப்படுத்தும், அழிக்காது. ஆச்சியின் கொதிக்கும் சட்டி அழித்துவிடும். நம் உடம்புக்குள்ளும் இதே கணக்குதான். உமிழ்நீரின் அமிலேஸ் வாயில் மாவுப்பொருளை உடைக்கும். இரைப்பையின் அமிலத்தில் ஓய்ந்துபோகும். அங்கே பி.எச். 2 அருகில் பெப்சின் வேலையைத் தொடங்கும்.

இந்தக் கணக்கை எழுதியவர்களின் வரலாற்றுக்கு வருவோம். 1909இல் டென்மார்க்கின் சோரன்சன் நொதிகளை ஆராயும்போதுதான் பி.எச். அளவுகோலை உருவாக்கினார். 1913இல் பெர்லினில் லியோனர் மிக்கேலிஸும் கனடாவிலிருந்து வந்த மருத்துவர் மாட் மென்டனும், அமில அளவையும் வெப்பத்தையும் மாறாமல் நிறுத்தி ஒரு நொதியின் வேகத்தை அளந்தார்கள். ஆச்சியின் கலயத்தில் சுண்ணாம்பு தடுத்த அதே இன்வெர்டேஸ்தான் அது. இன்றைக்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தச் சமன்பாட்டில் மென்டன் பெயர் இருக்கிறது. முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது 70 வயதை நெருங்கும்போதுதான்.

இந்தியாவில் 1933இல், கமலா சோஹோனி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்பதால் இயக்குநர் சி.வி.ராமன் மறுத்தார். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அதே ராமன். கமலா விடவில்லை, நேரில் போய் வாதாடினார். ஓராண்டு பரிசோதனைக் காலம், அவரால் ஆண்களின் கவனம் கலையக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கதவு திறந்தது. 1939இல் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். உயிரணுச் சுவாசத்தில் பங்கேற்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் தாவரத் திசுவிலும் உண்டு என்று உருளைக்கிழங்கை வைத்துக் காட்டிய ஆய்வு அது. பின்னர் நம் குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மும்பையில் பேராசிரியராக இருந்தபோது அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று நீரா. நம் பதனீரின் இன்னொரு பெயர்.

1998இல் அவர் காலமானபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். உமிழ்நீரும் ஸ்டார்ச்சும் அயோடினும் வைத்து நாங்கள் செய்த பரிசோதனையில் நீல நிறம் மறைந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்லூரியில் அறிவியல் படிக்கிறேன் என்றபோது, “பிராக்டிகல்னா வீட்டுக்கு வர இருட்டிரும், தமிழ் எடு” என்றார்கள். தமிழ் என்னைக் கைவிடவில்லை. ஆனாலும் அந்தக் கதவை நான் தட்டவே இல்லை என்பது உறுத்துகிறது. தட்டிய ஒருத்தி இருந்தாள் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆச்சியை விஞ்ஞானி என்று அழைத்துக் கணக்கை நேர்செய்ய எனக்கு விருப்பமில்லை. அது அவளுக்கு மறுக்கப்பட்டதை மறைக்கும் வேலை. எப்போது என்பது அவள் நாக்குக்குத் தெரியும். ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது. அவள் நாக்கில் இருந்த அறிவும் மென்டனின் நோட்டில் இருந்த எண்களும் ஒரே நொதியைப் பற்றியவை. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்க வேண்டும்.